நான்காவது நாற்காலி: ஒரு 'ரிகொலெத்தோ' தயாரிப்பில் சிம்பாஸோ

பின்னணி

இது நடந்தது வட இத்தாலியில் ஒரு சிறு நகரத்து ஓபரா அரங்கத்தில். குதிரை லாட வடிவக் கூடம், அடுக்கடுக்காகப் பெட்டி இருக்கைகள், உச்சியில் மலிவு டிக்கெட் மாடம் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் வழக்கமாகப் பார்க்கிற கட்டடம்தான். ஆர்கெஸ்ட்ரா உட்காரும் பிட் மட்டும் குறுகல். அதன் பின்பகுதி மேடைக்கு அடியில் புகுந்துவிடும். பித்தளைக் கருவிக்காரர்கள் உட்காரும் இடத்தில் ஆள் நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் ஒரு முழம்தான் மிச்சம்.

நான் அங்கே இசைத்தாள் நூலகத்தில் இருந்தேன். தாள்களை வாடகைக்கு வரவழைப்பது, பழைய பென்சில் குறிகளை அழிப்பது, ஒத்திகைக்கு முன் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் சரியான தாளை வைப்பது, எல்லாம் முடிந்ததும் எண்ணித் திருப்பி அனுப்புவது. எதையும் முடிவு செய்கிற பதவி இல்லை. ஆனால் எல்லோருடைய புலம்பலும் நூலக ஜன்னலுக்குத்தான் முதலில் வரும். அதனால் இந்த விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்து பார்க்க முடிந்தது.

அந்தப் பருவத்தில் வெர்டியின் 'ரிகொலெத்தோ', ஐந்து நிகழ்ச்சிகள். கண்டக்டர் இளைஞர், அந்த அரங்கத்துக்குப் புதியவர். ட்யூபாக்காரர், அதாவது மிகத் தாழ்ந்த ஸ்வரம் ஊதும் பெரிய பித்தளைக் குழலை வாசிப்பவர், இருபது வருடத்துக்கு மேலாக அதே பிட்டில் ஊதியவர். மூன்றாம் டிராம்போன், அதாவது பாஸ் டிராம்போன் வாசித்தவர், அவரைவிடப் பத்து வயது சின்னவர். இந்த மூவரையும், டிராம்போன்களுக்கு அடியில் கீழ் ஸ்வரம் ஊதும் 'சிம்பாஸோ' என்ற பித்தளைக் கருவியையும் சுற்றித்தான் கதை.

தாளில் இருந்த பெயர்

வாடகைக்கு வந்த தாள்கட்டைப் பிரித்தபோது, கடைசி பித்தளைத் தாளின் தலைப்பில் 'சிம்பாஸோ' என்று அச்சாகியிருந்தது. இத்தாலியர் உச்சரிப்பில் முதல் எழுத்து 'ச்சி' என்று அழுத்தமாக விழும். அதன் மேல் யாரோ பென்சிலால் கோடு இழுத்து 'ட்யூபா' என்று எழுதியிருந்தார்கள். பின் அட்டையின் உட்புறம் முன்பு வாசித்தவர்களின் கையெழுத்துகள், ஊர், வருடம். கடினமான இடங்களில், 'கவனி' என்பதற்கு வழக்கம்போல மூக்குக் கண்ணாடிப் படம். பழைய குறிகளை அழிப்பது என் வேலைதான் என்றாலும் இந்த மாதிரிப் பக்கங்களை அழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்தப் பென்சில் கோட்டுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் குழப்பம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது.

'சிம்பாஸோ' என்பது ஒரே ஒரு கருவியின் பெயராக நெடுநாள் நிலைத்ததில்லை. 'கோர்னோ இன் பாஸ்ஸோ' என்பதைச் சுருக்கி எழுதியதிலிருந்து பிறந்த சொல் என்பது பரவலான விளக்கம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சர்ப்பென்ட் (பாம்புபோல் வளைந்த பழைய ஊதுகருவி) வகையைச் சேர்ந்த, மரக்குழலும் பித்தளை வாயும் கொண்ட ஒரு கருவி. பெல்லினியின் 'நோர்மா' 1831-இல் மேடையேறியபோது அதன் இசைத்தாளில் சிம்பாஸோ இருக்கிறது. அப்புறம் சாவிகள் பொருத்திய பித்தளைக் குழலான ஓஃபிக்ளைட் வந்தது, பின்னர் வால்வு (விரலால் அழுத்தி ஸ்வரம் மாற்றும் அடைப்பான்) வைத்த, ட்யூபாவைப்போன்ற பொம்பார்தோன். கருவி மாறிக்கொண்டே போனது, பெயர் மட்டும் தாளிலேயே ஒட்டிக்கொண்டது. டிராம்போன் வரிசைக்கு அடியில் கீழ் ஸ்வரம் ஊதுகிறவர் எதை ஊதினாலும் சிம்பாஸோதான்.

வெர்டிக்கு இதில் திட்டமான கருத்து உண்டு. 1871 கடைசியில், 'ஐடா' மிலானில் ஏறுவதற்கு முன், பதிப்பாளர் ஜூலியோ ரிகோர்டிக்கு எழுதிய கடிதத்தில், மற்ற டிராம்போன்களோடு ஒரே குடும்பமான பாஸ் டிராம்போன் வேண்டும், அது முடியாவிட்டால் ஓஃபிக்ளைட்டாவது போதும், மற்றவற்றோடு சேராத அந்தப் பொம்பார்தோன் மட்டும் வேண்டாம் என்கிறார். பத்து வருடம் கழித்து, 1881-இல், மிலானின் பெலித்தி பட்டறை வால்வு வைத்த ஒரு கான்ட்ராபாஸ் டிராம்போனைச் செய்தது. சாதாரண டிராம்போனுக்கு ஓர் ஸ்தாயி கீழே, பி-ஃபிளாட்டில். 1887-இன் 'ஒதெல்லோ', 1893-இன் 'ஃபால்ஸ்டாஃப்' இரண்டும் அந்தக் கருவியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 20-ஆம் நூற்றாண்டில் அதுவும் வழக்கொழிந்து, அதன் இடத்தில் ட்யூபா உட்கார்ந்துகொண்டது.

இன்று 'சிம்பாஸோ' என்று விற்பனைக்குக் கிடைப்பது மேலே சொன்ன எதுவும் இல்லை. 1980-களிலிருந்து ஜெர்மன் பட்டறைகளில் உருவான, எஃப் சுருதிக் கருவி. குழல் நீளம் சுமார் 3.7 மீட்டர், எஃப் ட்யூபாவுக்கு உள்ள அதே நீளம். ஆனால் ட்யூபாவின் குழல் தொடக்கத்திலிருந்தே கூம்பாக விரிந்துகொண்டு போகும். இதன் குழலோ டிராம்போனைப்போல் பெரும்பகுதி ஒரே அகலத்தில் ஓடிக் கடைசியில்தான் விரியும். நாதஸ்வரத்தில் அணசு என்கிறோமே, அந்த விரிந்த வாய் இதில் முன்னோக்கி மடங்கி நேரே கேட்பவரைப் பார்க்கும். உடல் முழங்கால்களுக்கு நடுவே செங்குத்தாக நிற்க, அடியில் செல்லோவுக்கு இருப்பதுபோல் ஓர் ஊசிக்கால்.

'ரிகொலெத்தோ' 1851-இல் வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் முதலில் மேடையேறியது. பெலித்தி கருவிக்கு முப்பது வருடம் முந்தையது. ஆக, தாளில் உள்ள சொல்லை வைத்து 'சரியான' கருவி இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாத ஓபராக்களில் இதுவும் ஒன்று.

கவனித்தது

பாடகர்கள் இல்லாத முதல் ஒத்திகை. ட்யூபாக்காரர் தன் பெரிய சி ட்யூபாவுடன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பிட்டின் வலது கோடி, அவருக்கும் டிராம்போன்களுக்கும் நடுவே டிம்பனி என்ற முரசுகளும் பெரிய டிரம்மும். ட்யூபா இடத்தை அடைக்கிறது என்று எந்தக் காலத்திலோ யாரோ அங்கே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

முன்னிசை தொடங்கியது. டிரம்பெட்டும் டிராம்போனும் ஒரே ஸ்வரத்தைத் தணிந்த குரலில் திரும்பத் திரும்ப ஊதும் இடம் அது. கதையில் மோன்தெரோனே என்ற பிரபு ரிகொலெத்தோவுக்கு இடப்போகும் சாபத்தின் ஸ்வரம். பின்னர் மற்றப் பித்தளைகளும் வந்து சேர்ந்து கனமாக நிற்க வேண்டும். கண்டக்டர் அங்கே நிறுத்தினார். மறுபடி ஒருமுறை, மறுபடி ஒருமுறை. மூன்றாவது தடவை கோலைக் கீழே வைத்துவிட்டு, "மூன்று டிராம்போன் கேட்கிறது. அதற்கு அடியில் பக்கத்து வீட்டில் யாரோ எதையோ வாசிக்கிறார்கள்," என்றார். அந்த வாக்கியத்தை ட்யூபாக்காரர் பருவம் முடியும்வரை மறக்கவில்லை.

நான் இடைவேளையில் மூன்றாம் அடுக்குப் பெட்டிக்குப் போய் உட்கார்ந்து கேட்டேன். சொன்ன விதம் முரட்டுத்தனம்தான், ஆனால் சொன்ன விஷயம் பிழையில்லை. டிராம்போன்களின் அணசு கூடத்தை நோக்கியிருப்பதால் ஒலி விளிம்போடு வந்து விழுகிறது. ட்யூபாவின் வாய் மேல்நோக்கி, மேடைப் பலகையின் அடியில் மோதித் திரும்புகிறது. சுருதி சரி, தாளம் சரி. ஸ்வரத்தின் தொடக்கம் மட்டும் மழுங்கி, பஞ்சில் சுற்றிய மாதிரி வந்தது. மேல் மூன்று ஸ்வரமும் ஓரிடத்திலிருந்து, அடி ஸ்வரம் வேறிடத்திலிருந்து.

ஆராய்ந்த வழிகள்

அன்று மாலை மேலாளர் அறையில் பேசினார்கள். ஓஃபிக்ளைட் ஒன்றைத் தருவிக்கலாம் என்று கண்டக்டர் சொன்னார், அவருக்குத் தெரிந்த ஒருவர் வாசிக்கிறாராம். 1851-க்கு அதுவே நெருக்கம் என்பது வாதம். பாஸ் டிராம்போன்காரர் மறுத்தார். தாங்கள் மூவரும் ஊதுவது இன்றைய அகலக் குழல் டிராம்போன், ஒற்றை ஓஃபிக்ளைட்டை அது விழுங்கிவிடும். மாற்றுவதென்றால் முழு வரிசையையும் மாற்ற வேண்டும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்னொரு பாஸ் டிராம்போன்காரரை அமர்த்துவது இரண்டாவது யோசனை. அப்படியானால் ட்யூபாக்காரரின் ஒப்பந்தத்தை என்ன செய்வது? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அறையில் எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது.

மூன்றாவது, எஃப் சிம்பாஸோவை வாடகைக்கு எடுத்து ட்யூபாக்காரரிடமே கொடுப்பது.

நாற்காலியை நகர்த்திப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

முடிவும் காரணமும்

மூன்றாவது வழியே முடிவானது. காரணங்கள் எளியவை. பார்வையாளர் முன் திறப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எஃப் ட்யூபாவின் விரல் முறையே சிம்பாஸோவுக்கும் ஒத்துவரும். ட்யூபாக்காரர் இசைப்பள்ளியில் எஃப் ட்யூபாவில்தான் படித்தவர். ஆளை மாற்ற வேண்டியதில்லை. கண்டக்டரின் விருப்பமும் நிறைவேறும். செலவு வாடகையும் காப்பீடும் மட்டும்.

ட்யூபாக்காரர் ஒத்துக்கொண்டார். மனமார என்று சொல்ல மாட்டேன். ஒரு நிபந்தனை வைத்தார்: தன் எஃப் ட்யூபாவையும் கொண்டுவந்து நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். மேலாளர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ஒத்திகை நாட்கள்

கருவி வந்து சேர மூன்று நாள் பிடித்தது. மீதி ஒன்பது. முதல் நாள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், முதல் ஸ்வரத்துக்கு முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ட்யூபாவுக்குக் கொடுக்கிற மூச்சை அப்படியே இதற்குக் கொடுத்தால் ஒலி கிழிகிறது. குழல் குறுகல், தடை அதிகம். காற்று மெல்லியதாகவும் வேகமாகவும் போக வேண்டும். இருபது வருடப் பழக்கம் ஒன்பது நாளில் மாறாது. உரக்க வரும் இடங்களில் மூன்று டிராம்போனையும் அது மூடிவிட்டது. தணிந்த இடங்களில் ஸ்வரம் தாமதமாகப் பிறந்தது. விரல் முறை ஒன்றுதானே என்று நம்பிக் கணக்குப் போட்டவர்கள், உதடும் மூச்சும் வேறு என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த சிக்கல், முன்னால் இருந்தவர்கள். அணசு இப்போது நேரே இரண்டாம் பஸூன்காரரின் (பஸூன் ஒரு மர ஊதுகருவி) பிடரியைப் பார்த்தது. இரண்டாம் நாளே அவர் என் ஜன்னலுக்கு வந்துவிட்டார். வேலையிடத்து இரைச்சல் பற்றிய ஐரோப்பிய நெறிமுறை, 2003/10, இசைக்குழுக்களுக்கும் பொருந்தும். நாளொன்றுக்குக் காதில் விழுவது சராசரி 85 டெசிபலைத் தொட்டால் காதுக்குக் காப்பு அணிவதும் அளவைக் குறைக்க வழி தேடுவதும் கட்டாயம். காப்போடு சேர்த்துப் பார்த்தாலும் 87-ஐத் தாண்டக் கூடாது. பாதுகாப்பு அலுவலர் வந்து நடுவில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை நிறுத்தினார். அது ஒலியை அப்படியே பின்னால் திருப்பி அனுப்ப, டிராம்போன்காரர்கள் மூவரும் சேர்ந்து கத்தினார்கள். தடுப்பு போனது.

இந்தத் தள்ளுமுள்ளில்தான் நாற்காலி நகர்ந்தது. பஸூன்காரரைக் காப்பாற்ற வேண்டுமானால் சிம்பாஸோ டிம்பனிக்கு அந்தப் பக்கம் இருக்க முடியாது. பாஸ் டிராம்போன்காரர் தன் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு, "இங்கே வாங்க, என் பக்கத்தில் உட்காருங்க," என்றார். அரை மீட்டர் இடம். அணசைக் கொஞ்சம் திருப்பினால் நடைவழியைப் பார்த்தது. எதிரே ஆள் இல்லை.

அன்று பித்தளைப் பிரிவுக்குத் தனி ஒத்திகை. சிம்பாஸோவின் ஊசிக்கால் மரத்தரையில் வழுக்கிக்கொண்டே இருந்தது, செல்லோக்காரர்களிடமிருந்து ஒரு கால்பட்டி கடன் வாங்க ஒருவர் ஓடினார். அந்த ஐந்து நிமிடம் சும்மா இருப்பானேன் என்று ட்யூபாக்காரர் பின்னாலிருந்த எஃப் ட்யூபாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்னிசையின் அந்த இடத்தை நான்கு பேரும் ஊதினார்கள்.

ஊதி முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். முதல் நாள் கேட்ட பஞ்சுமூட்டை முக்கால்வாசி காணாமல் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் டிராம்போன்காரர் மூச்சிழுப்பது தெரிகிறது, தோள் அசைவது தெரிகிறது, ஸ்வரத்தை எப்போது விடுகிறார் என்பது காதுக்கு வருகிறது. டிம்பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டரின் கோலை மட்டும் நம்பி ஊதிய இத்தனை வருடத்தில் இது அவருக்குக் கிடைக்கவே இல்லை.

கண்டக்டரிடம் சொல்ல வேண்டுமா என்று பேச்சு வந்தது. வாடகை கொடுத்தாகிவிட்டது, நோட்டீசில் 'சிம்பாஸோ' என்று அச்சடித்தும் ஆகிவிட்டது. சிம்பாஸோவோடு உட்கார்ந்தால் இன்னும் கூர்மையாக இருக்கும் என்று பாஸ் டிராம்போன்காரர் சொன்னார். கால்பட்டி வந்ததும் ஊதிப் பார்த்தார்கள். அவர் சொன்னதும் உண்மையே. நான்கு ஸ்வரமும் ஒரே உலோகத்தில் வார்த்த மாதிரி நின்றது. ஆக, சிம்பாஸோவே இருக்கட்டும் என்று விட்டார்கள்.

மிச்ச நாட்களில் உரத்த இடங்களைக் குறைக்கும் வேலைதான் பெரிது. நீண்ட ஸ்வரங்களை எங்கே விடுவது என்று இருவரும் உட்கார்ந்து பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சிகள்

முதல் இரவு நன்றாகவே போனது. ஒரே குறை மூன்றாம் அங்கத்தில். சிம்பாஸோவுக்கு இந்த ஓபராவில் நெடுநேரம் சும்மா இருக்கும் பகுதிகள் உண்டு. பித்தளை குளிர்ந்தால் சுருதி இறங்கும். புயல் காட்சியில், மேடைக்குப் பின்னால் ஆண் குரல்கள் வாயை மூடிக் காற்றாக முனகும்போது, முதல் ஸ்வரம் தாழ்ந்து விழுந்தது. மறுநாளிலிருந்து அந்த இடத்துக்கு இரண்டு பக்கம் முன்பே, சத்தமில்லாமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுக் குழலைச் சூடாக்கிக்கொண்டார். தாளில் அங்கே 'ஊது' என்று எழுதி ஒரு சின்ன அடுப்புப் படமும் போட்டுவைத்தார்.

மூன்றாம் நிகழ்ச்சியில் வால்வு ஒன்று அசையவில்லை. இரண்டாம் அங்கம் முடிந்த இடைவேளையில் பார்த்தால், இணைப்புக் கம்பியின் திருகு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. கைபேசி வெளிச்சத்தில் நாலு பேர் பிட் தரையில் தவழ்ந்தோம். கிடைக்கவில்லை. அந்தத் திருகுகளைத் தினமும் பார்க்க வேண்டியது யார் பொறுப்பு என்று முன்பே பேசியிருக்கவில்லை. வாடகைக் கருவி, அதனால் அரங்கம் பார்க்கும் என்று அவர் நினைத்தார். வாசிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று அரங்கம் நினைத்தது.

மணி அடித்துவிட்டது. அவர் திரும்பி எஃப் ட்யூபாவை எடுத்தார். புயல், கடைசியில் சாபத்தை நினைத்து ரிகொலெத்தோ அலறும் முடிவுவரை எல்லாம் ட்யூபாவில்தான், அதே நாற்காலியிலிருந்து.

முடிந்ததும் கண்டக்டர் கீழே வந்தார். ட்யூபாக்காரர் எழுந்து விளக்கம் சொல்லத் தயாரானார். கண்டக்டர் டிரம்பெட்காரர்களிடம் ஏதோ ஒரு நுழைவைப் பற்றிப் பேசிவிட்டு, இவர் பக்கம் திரும்பி, "இன்று புயல் நன்றாக வந்தது," என்று கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்திருந்த சிம்பாஸோவை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

நான்காம், ஐந்தாம் நிகழ்ச்சிகளுக்குப் புதுத் திருகோடு சிம்பாஸோவே திரும்பி வந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பருவ முடிவில் மேலாளர் எல்லோரிடமும் எழுத்துமூலம் கருத்துக் கேட்டார். அதிலிருந்தும் நான் பார்த்ததிலிருந்தும்:

கருவியைத் தொடுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஒத்திகையில் பத்து நிமிடம் போதும், காசு செலவில்லை. அதன் பிறகும் குறை இருந்தால் சிம்பாஸோ. நாங்கள் தலைகீழாகச் செய்தோம். பஸூன்காரர் புகார் கொண்டுவராமல் இருந்திருந்தால் நாற்காலி இன்னும் டிம்பனிக்கு அந்தப் பக்கமேதான் இருந்திருக்கும்.

கருவியை மாற்றுவதென்றால் ஒன்பது நாள் போதாது. இரண்டு மாதமாவது வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும் என்று ட்யூபாக்காரர் எழுதினார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சிலர் இது அவருடைய பிடிவாதம் என்றார்கள். முதல் நாள் கிழிந்த ஒலியைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் தினசரிச் சோதனை யாருடையது என்று ஒரு வரி இருக்க வேண்டும். உதிரித் திருகுகள் பெட்டியிலேயே வர வேண்டும்.

எந்த ஓபராவுக்கு எது என்பதையும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு 'ஒதெல்லோ' பேச்சு இருந்தது. அங்கே வெர்டி கேட்டது இன்ன கருவி என்று தெரியும்; பி-ஃபிளாட் கான்ட்ராபாஸ் கிடைக்காவிட்டாலும் எஃப் சிம்பாஸோ அதற்கு நெருக்கம், வாதம் வலுவானது. 'ரிகொலெத்தோ'வுக்கு அதே வாதத்தைத் தூக்கிவர முடியாது. கண்டக்டர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஊத வேண்டும் என்பது அவர் கட்சி. தாளில் எழுதியிருப்பது என்ன என்பதுதான் கேள்வி என்று பாஸ் டிராம்போன்காரர் பதில் எழுதியிருந்தார்.

தாள்களை எண்ணித் திருப்பி அனுப்பும் நாளில் அந்தக் கடைசிப் பித்தளைத் தாளைப் பார்த்தேன். அடுப்புப் படத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். பின் அட்டையில் பழைய கையெழுத்துகளுக்குக் கீழே ட்யூபாக்காரரின் பெயர், ஊர், வருடம். பக்கத்தில் சின்ன எழுத்தில்: '1, 2, 4, 5 சிம்பாஸோ. 3-இல் பாதி ட்யூபா. இடம்: மூன்றாம் டிராம்போனுக்குப் பக்கம்.' கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தார்.